படமும் பற்றும்

இல்லறத்தாருக்கு வகுக்கப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. இதனை மேற்கொள்வோர் தமக்கு வேண்டிய பொருள்களுக்குத் தாமே ஓர் அளவு வகுத்துக்கொண்டு, அவ்வளவைக் கடவாது வாழ வேண்டும். முன்னோர் அளவு வகுக்கச் சொன்ன பொருள்கள் எவை என்பது நாம் அறிந்ததே. நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணியாளர், ஆடை, பாத்திரம் என அப்பட்டியல் செல்லும். அவை யாவும் இடத்தை அடைப்பவை. கண்ணால் கண்டு எண்ணத்தக்கவை. நெல் மிகுந்தால் குதிர் கொள்ளாது. பாத்திரம் மிகுந்தால் பரண் கொள்ளாது. பொருளே தன் மிகுதியை உடையவனுக்கு உணர்த்திவிடும்.

எடையும் இடமும் இல்லாத ஒரு பொருள் மிகுந்தால் என் செய்வது? அதனை மிகுபொருள் என்று கொள்ளலாமா? அதற்கும் அளவு வகுக்க வேண்டுமா? இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுந்தது சாத்திர ஆராய்ச்சியால் அன்று. ஒரு துக்க வீட்டில்.

சென்ற ஆண்டு நம் பெரியம்மா தம் தொண்ணூறாம் வயதில் காலமானார். நினைவு நாளுக்குத் துண்டறிக்கை அச்சிட வேண்டியிருந்தது. அதற்கு அவருடைய படம் ஒன்று தேவைப்பட்டது. குடும்பத்தார் அறுவர் கூடித் தத்தம் செல்போன்களில் தேடினோம். எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் இருந்தன. திருமணப் பந்தி, புதுப் புடவை, மழையில் நனைந்த மாடி, ஒரே குழந்தை ஒரே சிரிப்புடன் முப்பது முறை என எல்லாம் இருந்தன. பெரியம்மாவும் இருந்தார், ஓரத்தில் பாதி முகமாக. யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னால். பரிமாறிக் கொண்டிருந்த கையாக. அவரை மட்டும் எதிரே அமர்த்தி, "பாருங்கள்" என்று சொல்லி எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

ஒன்று இருந்தது என்றார் தமையனார். மேல்சித்தாமூர்த் தேரின்போது, வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிச் சிரித்தாராம். அந்தப் படம் ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. டிஸ்க்கைக் கணினியில் பொருத்தினோம். உள்ளே 'டிக், டிக்' என்ற ஓசை மட்டும் வந்தது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தோம். இரண்டு வாரம் வைத்திருந்து, இயலாது என்று திருப்பித் தந்துவிட்டார். ஐந்தாண்டுப் படங்கள் அதனுள் இருந்தன. வேறு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று நாம் எவரும் நினைத்ததில்லை.

முடிவில் துண்டறிக்கைக்கு உதவியது அவருடைய தகரப் பெட்டியில், தோத்திரப் புத்தகத்தின் நடுவே இருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஸ்டுடியோவில் எடுத்தது. பின்புறத்தில் பெரியப்பாவின் கையெழுத்தில் பெயரும், ஊரும், 1968 என்ற ஆண்டும் இருந்தன. பதினெட்டாயிரம் படங்கள் செய்யாத வேலையை அந்த ஒரு படம் செய்தது.

இதனைக் கண்டு, "அந்தக் காலமே நன்று" என்று முடித்துவிடுதல் எளிது. அம்முடிபு உண்மையன்று என்பதையும் நாம் நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய படச் சுருளுக்கு ஒரு மறைவான கதை உண்டு. அது நம் குடும்பங்களில் பெரும்பாலோர் அறியாதது.

ஒளிபட்டால் மாறும் வெள்ளி உப்பின் நுண்துகள்களைச் சுருளின் மேல் பரப்பி நிறுத்த ஒரு பசை வேண்டும். அப்பசை நீரில் ஊறி விரிய வேண்டும். ஆனால் கரைந்து போகலாகாது. 1871இல் ரிச்சர்டு லீச் மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதற்கு ஜெலட்டினைப் பயன்படுத்திக் காட்டினார். அன்று முதல் படச்சுருள் யாவும் ஜெலட்டினின் மேல் எழுந்தவையே. ஜெலட்டின் என்பது மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் ஊன்பசை. 1920களில் கோடக் ஆய்வகத்தைச் சேர்ந்த சாமுவேல் ஷெப்பர்டு என்பவர், சிலவகை ஜெலட்டின் மட்டும் ஒளியைக் கூர்மையாக உணர்வது ஏன் என்று ஆராய்ந்தார். அந்த மாடுகள் மேய்ந்த கடுகுச் செடியில் இருந்த கந்தகச் சேர்மமே காரணம் எனக் கண்டார். மாடு தின்ற புல்லின் குணம்கூட படத்தில் வந்து பதிந்தது என்றால், அந்தப் படத்தில் மாட்டின் உயிர்க்கும் பங்குண்டு என்பதை மறுக்க இயலுமா? நம் நீலகிரியில், உதகமண்டலத்தில் 1960இல் அமைக்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் சுருள்களை விற்றது. பல வீடுகளின் திருமணப் படங்கள் அச்சுருளில் எடுக்கப்பட்டவை. அந்நிறுவனம் இன்று மூடப்பட்டுவிட்டது. தோல் செருப்பையும் பட்டுத் துணியையும் விலக்கியவர்கள்கூட இந்த ஊன்பசையை எண்ணிப் பார்த்ததில்லை. பெரியம்மாவின் அந்த 1968ஆம் ஆண்டுப் படமும் இதற்கு விலக்கன்று.

இந்நிலையில் டிஜிட்டல் கேமராவின் வரவை ஒருவகையில் அறத்தின் ஆக்கம் என்றே சொல்லலாம். 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒளியை மின்னாக மாற்றிச் சேர்த்துவைக்கும் சில்லு ஒன்றை உருவாக்கினர். 2009இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1975இல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் அத்தகைய சில்லைக் கொண்டு ஒரு கேமராவை அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. படத்தில் இருந்த புள்ளிகள் வெறும் 10,000. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. அதில் வெள்ளி உப்பும் இல்லை, ஊன்பசையும் இல்லை.

ஆனால் ஊன்பசை போனபோது கூடவே வேறொன்றும் போயிற்று. ஒரு சுருளில் 36 படம் என்ற அளவு இருந்தது. சுருளுக்கு விலை உண்டு. கழுவ விலை உண்டு. அச்சிட விலை உண்டு. ஆகவே பொத்தானை அழுத்துமுன் ஒரு கணம் நின்றோம். அந்த நிற்றலை விரதமாக எண்ணி நாம் மேற்கொள்ளவில்லை. பணப்பை மேற்கொள்ள வைத்தது. டிஜிட்டல் கேமரா அந்தப் புற வரம்பை நீக்கிவிட்டது. புறத்தே வரம்பு இல்லாத இடத்தில்தான் அகத்தே வரம்பு தேவைப்படுகிறது. அணுவிரதம் என்பதே அகத்து வரம்புதானே!

நம் தமையன் மகள் கணினித் துறையில் பணிபுரிபவள். இக்கருத்தை அவளிடம் சொன்னபோது அவள் உடன்படவில்லை. "சித்தப்பா, நெல்லைப் பதுக்கினால் ஒருவர் பசித்திருப்பார். பொன்னைப் பதுக்கினால் ஒருவர் கடன்படுவார். நான் இருபதாயிரம் படம் வைத்திருப்பதால் யாருக்கு என்ன குறைந்தது? எடையே இல்லாத ஒன்றுக்கு ஏன் விரதம்?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. இதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது, படத்துக்கு எடையில்லை என்பது தோற்றமே. படம் எங்கோ ஒரு பொருளின் மேல்தான் பதிந்து கிடக்கிறது. செல்போனின் மின்கலத்தில் லித்தியமும் பெரும்பாலும் கோபால்ட்டும் உண்டு. உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் சிறுவர்களும் வேலை செய்தமை மனித உரிமை அமைப்புகளால் பதிவு செய்யப்பட்டுள்ளது. இணையத்தில் சேமித்தோம் என்கிறோம். இணையம் என்பதும் ஓர் ஊரில் நிற்கும் கட்டடமே. அதனுள் இரவும் பகலும் இயந்திரங்கள் சுழல்கின்றன. அவற்றைக் குளிர்விக்க வேண்டும். 2024இல் உலக மின் நுகர்வில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு இத்தகைய தரவு மையங்களுக்குச் சென்றது. அதில் நம் குடும்பப் படங்களின் பங்கு மிகச் சிறிது என்பது மெய். ஆயினும் சிறு துளிகளையும் வடிகட்டிக் குடிக்கும் மரபில் வந்தவர்கள் நாம். சிறிது என்பதால் இல்லை என்று சொல்லலாகாது. 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாக மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி எரிக்கப்பட்டோ புதைக்கப்பட்டோ மண்ணிலும் நீரிலும் வாழும் உயிர்களைச் சென்று சேர்கிறது.

இரண்டாவது விடை இதனினும் முதன்மையானது. தத்துவார்த்த சூத்திரம் செய்த உமாசுவாதி ஆசாரியர், பற்றினைப் பொருளில் வைக்கவில்லை. பொருளின்பால் உள்ளம் மயங்குவதில் வைத்தார். அவ்வாறாயின் பொருளுக்கு எடை உண்டா என்பது கேள்வியன்று. உள்ளம் மயங்குகிறதா என்பதே கேள்வி. தேர் வருகிறது. நூறு கைகள் உயர்கின்றன. ஒவ்வொரு கையிலும் ஒரு செல்போன். பகவானின் திருமேனியை நேரே பார்ப்பவர் எத்தனை பேர்? "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எடுக்கிறோம், பிறகு பார்ப்பதில்லை. பெரியம்மா நம் எதிரே அமர்ந்திருந்த ஆண்டுகளிலெல்லாம் நாம் எடுத்துக்கொண்டே இருந்தோம், அவரைப் பார்க்கவில்லை. அதற்குச் சான்று அந்தப் பதினெட்டாயிரம் படங்களே. யாருக்கு என்ன குறைந்தது என்று கேட்ட மகளிடம் இதனைச் சொன்னபோது அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் என்ன செய்யலாம், சித்தப்பா?" என்றாள். இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி அவளோடு கலந்து பேசி எழுதியது.

கேமரா வாங்குமுன் மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வது நன்று. எதனை எடுக்கப் போகிறோம்? எவ்வளவு பெரிதாக அச்சிடப் போகிறோம்? நம்மிடம் இருப்பது போதாதா?

கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கு. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளி. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். நாம் வழக்கமாக அச்சிடும் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800, அதாவது ஏறத்தாழ 22 லட்சம் புள்ளி போதும். சுவரில் மாட்டும் 8க்கு 10 அங்குலப் படத்துக்கு 72 லட்சம் போதும். ஆகவே 12 மெகாபிக்சல் உள்ள கருவி வீட்டுத் தேவைக்குத் தாராளம். அதற்கு மேல் 50 என்றும் 100 என்றும் சொல்லப்படும் எண்கள் பெரும்பாலும் நம் ஆசையை நோக்கிச் சொல்லப்படுபவை. புள்ளி கூடினால் ஒவ்வொரு படமும் அடைக்கும் இடமும் கூடும். அதற்கு மேலும் பெரிய டிஸ்க் வாங்க வேண்டும். ஓர் ஆசை மற்றோர் ஆசையை ஈனுவது இவ்வாறே.

படத்தின் தரத்தை உண்மையில் தீர்மானிப்பவை ஒளியை வாங்கும் சென்சாரின் பரப்பும் லென்ஸின் தரமும் ஆகும். சிறிய சட்டைப்பைக் கேமராக்கள் பலவற்றில் சென்சார் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமும் நாலரை மில்லிமீட்டர் உயரமும் உடையது. லென்ஸ் மாற்றும் நடுத்தரக் கேமராவில் அது ஏறத்தாழ 23க்கு 15 மில்லிமீட்டர்; பரப்பில் 13 மடங்கு. அகன்ற பாத்திரம் மிகுதியான மழைநீரை ஏற்பது போலப் பெரிய சென்சார் மிகுதியான ஒளியை ஏற்கும். பகல் வெளிச்சத்தில் வீட்டாரை எடுப்பதற்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. இன்றைய செல்போன்கள் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கித் தம் சென்சாரின் குறையை ஈடுசெய்கின்றன. ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்குக் கையில் உள்ள செல்போனே போதும் என்பது நம் கருத்து. உலகில் ஏற்றுமதியான டிஜிட்டல் கேமராக்கள் 2010இல் 12 கோடியைக் கடந்திருந்தன. 2023இல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. மக்கள் இம்முடிவுக்கு வந்துவிட்டனர் என்பதையே இது காட்டுகிறது. ஆனால் அந்தச் செல்போனை ஆண்டுக்கொரு முறை மாற்றுவோமாயின் இச்சிக்கனத்தால் பயனில்லை.

தனிக் கேமரா தேவைப்படும் இடமும் உண்டு. திருப்பருத்திக்குன்றத்து விதான ஓவியங்களையோ, சித்தன்னவாசல் ஓவியங்களையோ, நம் ஊர்க் கோயில் சுவரில் தேய்ந்துவரும் கல்வெட்டையோ முறையான அனுமதியுடன் பதிவுசெய்ய விரும்புவோருக்குப் பெரிய சென்சாரும், ஒளி மிகுதியாக நுழையும் லென்ஸும், முக்காலியும் வேண்டும். ஓவியத்தின் மேல் பிளாஷ் வெளிச்சத்தைப் பாய்ச்சுதல் கூடாது. இத்தகைய பணிக்கு ஒவ்வொரு வீட்டாரும் ஒரு கேமரா வாங்க வேண்டுவதில்லை. ஊருக்கு ஒன்று வாங்கிச் சங்கத்தில் வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் பயன்படுத்திய கருவியை வாங்குவதும் நன்று. புதிய கருவி ஒன்று உருவாவதை அது தவிர்க்கிறது. மின்கலத்தைத் தனியே கழற்றி மாற்றத்தக்க கேமராவாகப் பார்த்து வாங்கினால் அது மேலும் பல ஆண்டுகள் உழைக்கும்.

அச்சிடும்போதும் ஒன்றை நினைவில் கொள்க. கேமரா டிஜிட்டலாக இருந்தாலும், ஸ்டுடியோக்களில் வெள்ளி உப்பு பூசிய தாளில் கழுவி எடுக்கப்படும் அச்சில் இன்றும் ஜெலட்டின் உண்டு. மை தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் தாள்களிலோ ஜெலட்டின் இல்லாத பூச்சுடையவை கிடைக்கின்றன. கேட்டறிந்து வாங்குவது நம் கடமை.

அடுத்தது சேமிப்பு. இங்கேதான் நாம் தவறியது. மெமரி கார்டு என்பது பயணப்பை, களஞ்சியம் அன்று. 1980களில் ஜப்பானியப் பொறியாளர் புஜியோ மசுவோகா உருவாக்கிய பிளாஷ் நினைவகமே கார்டுக்கும் பென் டிரைவுக்கும் அடிப்படை. அது நுண்ணறைகளில் மின்னூட்டத்தை அடைத்துவைக்கும் முறை. மின்தொடர்பின்றி நெடுங்காலம் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். ஆகவே பென் டிரைவில் போட்டுப் பீரோவில் பூட்டிவிட்டால் பத்திரம் என்று எண்ணலாகாது. 64 ஜி.பி. கார்டு ஒன்றில் 5 எம்.பி. அளவுள்ள படங்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கொள்ளும். அதனினும் பெரிய கார்டு எதற்கு? சந்தையில் போலிக் கார்டுகள் மிகுதி. அளவை மிகைப்படுத்திக் காட்டும் அவை, உண்மை அளவு நிரம்பியபின் படங்களை இழந்துவிடும். நம்பத்தக்க இடத்தில் வாங்கி, முதலில் நிரப்பிச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க் குறைந்த செலவில் மிகுந்த இடம் தரும். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்க் ஓர் அலமாரியினும் பெரிது. ஐம்பது தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளே அதில் கொண்டன. இன்றைய ஒரு படத்துக்கே அது போதாது. இன்று உள்ளங்கையளவு டிஸ்க்கில் பல லட்சம் படங்கள் கொள்கின்றன. ஆனால் அதனுள் சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடையே உள்ள வெளி ஒரு மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கை தவறினால் எல்லாம் போயிற்று. தவறாவிட்டாலும் சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும். இணையச் சேமிப்போ பிறர் கையில் உள்ளது. கூகுள் போட்டோஸ் அளவின்றி இலவசமாகத் தந்துவந்த இடத்தை 2021 ஜூன் முதல் நாளுடன் நிறுத்திக்கொண்டது. இலவசமாகக் குவித்தவர் பலர் அதன்பின் மாதந்தோறும் கட்டணம் செலுத்துகின்றனர்.

இவை ஒவ்வொன்றும் நிலையற்றது. ஆகவே படக்கலைஞர்கள் ஒரு விதி சொல்வர்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறூரில் உள்ள உடன்பிறந்தார் வீட்டிலோ இணையத்திலோ ஒன்று.

"சித்தப்பா, ஒன்றே மிகுதி என்று சொல்லிவிட்டு இப்போது மூன்று வைக்கச் சொல்கிறீர்களே!" என்று மகள் சிரித்தாள். இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். குவித்தல் வேறு, காத்தல் வேறு. காத்தல் நம் மரபின் பெருமை. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்ற அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் ஏட்டுப்பிரதி எழுதுவித்து வழங்கினார். அவர் ஆயிரம் நூல்களைத் தமக்கெனக் குவிக்கவில்லை. ஒரு நூலைத் தேர்ந்து ஆயிரம் கைகளில் வைத்தார். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட இயன்றது எதனால்? ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதிக் காத்தவர்களும், கும்பகோணத்தில் அவருக்குப் பொருள் விளக்கிய நம்மவர்களும் இருந்தமையால். ஓலை சில நூற்றாண்டில் செல்லரிக்கும். செல்லரிக்குமுன் அடுத்த ஓலைக்கு மாற்றினர். டிஸ்க் சில ஆண்டில் தேயும். தேயுமுன் அடுத்த டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். காலம்தான் சுருங்கியது, கடமை ஒன்றே.

காப்பதும் ஒரு மயக்கமாகக்கூடும் என்பதற்கும் நம் வரலாற்றில் பாடம் உண்டு. சட்கண்டாகமமும் அதன் தவளா உரையும் மூடுபித்ரியில் ஓலைச் சுவடியாக நெடுங்காலம் போற்றப்பட்டன. அடியார்கள் சுவடியைத் தரிசித்து வணங்கிச் சென்றனர். வெளியில் எவரும் படிக்க இயலவில்லை. பெருமுயற்சிக்குப் பின் படியெடுக்கப்பட்டு, 1939 முதல் அச்சில் வந்த பின்னரே அது மீண்டும் கற்கும் நூலாயிற்று. பூட்டி வைத்தது காத்தது. ஆனால் திறந்தபோதுதான் பயன்பட்டது.

அந்தச் சட்கண்டாகமம் எழுதி நிறைவுற்ற நாளையே சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகிறோம். அன்று ஏடுகளை வெளியே எடுத்துத் தூசு தட்டிப் புதுத்துணியில் கட்டி வைப்பது வழக்கம். நம் வீட்டில் இவ்வாண்டு முதல் அந்நாளில் படங்களையும் எடுத்துப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். படத்தைச் சாத்திரத்துக்கு நிகராக வைக்கவில்லை. ஏடு காத்த ஒழுங்கை வீட்டுப் படத்துக்கும் கடன் வாங்குகிறோம், அவ்வளவே. அன்று டிஸ்க்குகளை இயக்கிச் சோதிப்பது. அவ்வாண்டுப் படங்களைக் குடும்பத்தார் கூடியமர்ந்து பார்ப்பது. ஒரே காட்சியின் முப்பது படங்களில் ஒன்றை வைத்து எஞ்சியதை நீக்குவது. ஆண்டுக்கு 108 படம் என்று ஓர் எல்லை வகுத்தோம். பழைய கணக்கில் அது மூன்று சுருள். எல்லை அவரவர் விருப்பம். எல்லை ஒன்று இருப்பதே முக்கியம். வைத்த படங்களுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிட்டு, அதில் இருப்போர் பெயரையும் ஊரையும் எழுதுவது. 1992இல் வகுக்கப்பட்டு இன்றும் எல்லாக் கணினிகளும் படிக்கும் ஜேபெக் வடிவில் வைப்பது. பத்துப் படங்களை அச்சிட்டுப் பின்புறம் பென்சிலால் எழுதி வைப்பது. மூன்று பிரதிகளையும் அன்றே புதுப்பிப்பது. பழுதான கருவிகளைக் குப்பையில் எறியாது, பதிவுபெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பது.

முதல் முறை நீக்கத் தொடங்கியபோது கை நடுங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு படமும், "என்னை வை" என்று கேட்பது போலிருந்தது. பதினெட்டாயிரத்தில் ஆயிரத்தை நீக்கவே இரண்டு மாலை ஆயிற்று. தோட்டத்தையோ நகையையோ கொடுக்கும்போது தோன்றாத தயக்கம் இங்கே தோன்றியதேன்? நாம் பற்றியிருந்தது படத்தையன்று, கழிந்துபோன நாளை. கழிந்த நாளை எந்த டிஸ்க்கும் காத்துத் தராது. அதனை உணர்ந்த பிறகு வேலை விரைவாக நடந்தது.

மற்றும் ஒரு சொல். மிகுபொருள் விரும்பாமையோடு கள்ளாமையும் பொய்யாமையும் படத்துக்கு உண்டு. கொடாததை எடுத்தல் களவு. பிறருடைய முகத்தை, அதிலும் துக்கத்தில் இருப்பவர், நோயுற்றோர், சல்லேகனை நோற்போர் ஆகியோரின் முகத்தை இசைவின்றி எடுத்துப் பரப்புதலும் அதன்பாற்படும். இல்லாத நிறத்தையும் இல்லாத இளமையையும் கணினியால் கூட்டி, உண்மைப் படம் என்று காட்டுதல் பொய்யின்பாற்படும். அந்த 1968ஆம் ஆண்டுப் படத்தில் பெரியம்மாவின் நெற்றியில் ஒரு தழும்பு தெரிகிறது. துண்டறிக்கை அச்சிட்டவர் அதனை நீக்கித் தருவதாகச் சொன்னார். வேண்டா என்றோம்.

சென்ற சுருத பஞ்சமியன்று நம் வீட்டு மூத்தோர் நால்வரைத் தனித்தனியே முற்றத்தில் அமர்த்தி, செல்போனிலேயே ஒவ்வொரு படம் எடுத்தோம். புதிய கேமரா வாங்கவில்லை. எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் பேசிக் கொண்டிருந்தோம். நான்கு படங்கள், நான்கு பெயர்கள், மூன்று பிரதிகள். உங்கள் வீட்டு மூத்தோரும் முற்றத்தில்தான் இருப்பார்கள். முதலில் அவர்களைப் பாருங்கள். படம் பிறகு எடுக்கலாம்.

அறம் வளர்க!